உங்களுக்குத் தெரியுமா? சீறும் கார், கரையும் பெட்ரோல்: நெல்லைச் சீமை ஸ்பெஷல்!

புகாட்டி வேரான் காருக்கு 16 சிலிண்டர், 1001 குதிரைத்திறன். ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரை மிதித்தால் அதன் 100 லிட்டர் டேங்க் எவ்வளவு நேரத்தில் காலியாகும் தெரியுமா? வெறும் 12 நிமிடத்தில்!

மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் 12 நிமிடம் என்றால் 80 கி.மீ. வண்ணார்பேட்டையில் டேங்கை ஃபுல் பண்ணிக்கொண்டு கிளம்பினால், கன்னியாகுமரிக் கடல் கண்ணில் படும் முன்பே வண்டி நின்றுவிடும்! லிட்டருக்கு 800 மீட்டர்தான். 12 நிமிடத்தில் 10,000 ரூபாய் புகையாகிவிடும்!

இன்னொன்று கேளுங்கள். அந்த வேகத்தில் அதன் டயர் தாங்குவது 15 நிமிடம்தான். டயர் கிழிவதற்குள் பெட்ரோல் தீர்ந்துவிடும். இதையும் பாதுகாப்பு வசதிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்!

மைலேஜுக்குப் பேர்போன ஹைபிரிட் கார் டொயோட்டா பிரியஸ். சீறிப் பாய்வதற்குப் பேர்போனது வி8 எஞ்சின் பிஎம்டபிள்யூ எம்3. இரண்டில் எது அதிக மைலேஜ் கொடுக்கும்? 2008-ல் பிபிசியின் 'டாப் கியர்' நிகழ்ச்சியில் பந்தயத் தளத்தில் 10 சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். பிரியஸ் உயிரைக் கொடுத்து ஓடியது. எம்3 அதன் பின்னாலேயே போனது. பிரியஸ் கொடுத்தது லிட்டருக்கு சுமார் 6.1 கி.மீ., எம்3 கொடுத்தது 6.9!

ஆமாம், ஸ்போர்ட்ஸ் கார்தான் ஜெயித்தது!

கார் விளம்பரத்தில் போடும் மைலேஜ் எந்த ஊர் ரோட்டில் எடுத்தது? எந்த ஊர் ரோட்டிலும் இல்லை! உருளைகளின் மேல் காரை நிறுத்தி, நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழலவிட்டு எடுத்தது! காற்று கிடையாது, குழி கிடையாது, குறுக்கே வரும் ஆடு கிடையாது. ஏசியும் கிடையாது!

சோதனை நேரம் 1,180 வினாடி. இருபது நிமிடம்கூட முழுசாக இல்லை! 'ஓடும்' தூரம் சுமார் பத்தரை கி.மீ. நெல்லை டவுனிலிருந்து பாளையங்கோட்டை போய்த் திரும்பினால் அதைவிட அதிகமாக ஓட்டியிருப்பீர்கள்!

அந்தச் சோதனையில் தொடும் உச்ச வேகம் 90. நாலுவழிச் சாலையில் 90-ல் போனால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்கிறார்!

அதைவிட வேடிக்கை, அதே சோதனையில் 50 கி.மீ. வேகத்தை எட்ட எடுத்துக்கொள்வது 26 வினாடி! 2015-ல் இந்தியாவுக்கு வந்த அபார்த் புன்டோ, 100 கி.மீ. வேகத்தையே 9 வினாடிக்குள் தொடும் கார். சிங்கத்தைப் புல் மேயவிட்டு, எவ்வளவு சாப்பிடுகிறது என்று அளந்த கதைதான்!

அந்த அபார்த் புன்டோவுக்கு 145 குதிரைத்திறன், ஏட்டு மைலேஜ் 16.3. ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ-க்கு 105 குதிரைத்திறன், ஏட்டு மைலேஜ் 17.2. கூடுதலாக 40 குதிரை பூட்டியும் லிட்டருக்கு ஒரு கி.மீ.கூடக் குறையவில்லை! ஏட்டில்தான், அண்ணாச்சி!

2017-ல் வந்த பலேனோ ஆர்எஸ்-க்கு 102 குதிரைத்திறன், ஏட்டில் 21.1! எஞ்சின் அளவு ஒரே ஒரு லிட்டர், மூன்றே சிலிண்டர்!

உலகின் முதல் பெட்ரோல் கார் எவ்வளவு மைலேஜ் கொடுத்தது? கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டி அது. சக்தி முக்கால் குதிரை! மைலேஜ் லிட்டருக்குச் சுமார் 10 கி.மீ. இன்று 100 குதிரை பூட்டிய கார், நெல்லை ஊருக்குள் நெரிசலில் கொடுப்பதும் பல நேரம் அதே 10 தான்!

கார் பிறப்பதற்கு 43 வருடம் முன்பே நெல்லையில் பாலம் தயார்! தாமிரபரணியின் மேல் சுலோச்சன முதலியார் பாலம் திறக்கப்பட்டது 1843-ல். 11 வளைவுகள். லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துக் கட்டியது. செலவு சுமார் 50,000 ரூபாய். அது வேரான் காருக்கு ஒரு மணி நேரப் பெட்ரோல் காசு!

ஃபார்முலா 1 காரின் மைலேஜ்? பந்தய தூரம் சுமார் 305 கி.மீ. 2019-ல் வந்த விதி அனுமதித்த மொத்த எரிபொருள் 110 கிலோதான். பிரித்துப் பாருங்கள்: லிட்டருக்குச் சுமார் 2 கி.மீ.!

அதென்ன கிலோ? அங்கே பெட்ரோலை லிட்டரில் அளப்பதே இல்லை! சூட்டில் பெட்ரோல் விரியும், எடை மாறாது. அதனால் தராசுதான்!

அப்படியானால் விடியற்காலையில் பங்க்குக்குப் போனால் நமக்குக் கூடுதல் பெட்ரோல் கிடைக்குமா? கிடைக்காது! பங்க் டேங்க் மண்ணுக்கடியில் இருக்கிறது. மேலே கத்திரி வெயில் காய்ந்தாலும் கீழே சூடு அவ்வளவாக மாறாது!

2009 வரை ஃபார்முலா 1 பந்தயத்தின் நடுவிலேயே பெட்ரோல் போட்டார்கள். வேகம்? நொடிக்கு 12 லிட்டர்! 45 லிட்டர் டேங்க் நிரம்ப நாலு நொடி போதும். சில்லறை வாங்கக்கூட நேரமிருக்காது!

காரில் 10 கிலோ எரிபொருள் கூடுதலாக இருந்தால் ஃபார்முலா 1-ல் ஒரு சுற்றுக்குச் சுமார் 0.3 வினாடி நஷ்டம். அதனால் பல அணிகள் டேங்கை முழுசாக நிரப்புவதே இல்லை! வளைவு வரும் முன்பே காலை எடுத்து, உருட்டிக்கொண்டு போய் மிச்சம் பிடிக்கிறார்கள். உலகின் வேகமான டிரைவர்களும் நம்மைப் போல பெட்ரோல் கணக்குப் பார்க்கிறவர்கள்தான்!

பந்தயத்தில் டீசலுக்கு என்ன வேலை என்கிறீர்களா? 2006-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை முதல்முறையாக ஒரு டீசல் கார் ஜெயித்தது. ஆடி ஆர்10!

இப்போது நம்ம ஊர் ரோட்டுக்கு வாருங்கள். இங்கேதான் விசேஷமே!

காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போயிருக்கிறீர்களா? முப்பந்தல் காற்றாலைகள் இரண்டு பக்கமும் சுற்றும். சுமார் 1,500 மெகாவாட்! அவ்வளவு மின்சாரம் எடுக்கிற காற்று, உங்கள் காரை மட்டும் சும்மா விடுமா?

தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து கணவாய் வழியாகப் பாய்ந்து வரும். நீங்கள் மேற்கே போகிறீர்கள். உங்கள் வேகம் 90, எதிர்க்காற்று 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். காருக்கு அது 120-ல் போவதற்குச் சமம்! காற்றின் தடை 78 சதவீதம் எகிறும்! ஸ்பீடோமீட்டர் அப்பாவியாக 90 என்றே காட்டும்!

திரும்பி வரும்போது? காற்று முதுகைத் தள்ளும். காருக்கு அது 60-ல் போவதற்குச் சமம்.

அதே கார், அதே ரோடு, அதே வேகம், அதே டிரைவர். போகும்போது காற்றின் தடை, வரும்போது இருப்பதைப் போல 4 மடங்கு! நாகர்கோவில்காரர் சொல்லும் மைலேஜும் நெல்லைக்காரர் சொல்லும் மைலேஜும் ஒத்துப்போகாததற்கு இனிமேல் யாரும் சண்டை போட வேண்டாம். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்! எந்தப் பக்கம் போகும்போது அளந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்!

நெல்லையிலிருந்து மதுரை சுமார் 160 கி.மீ. மணிக்கு 80-க்குப் பதில் 100-ல் போனால் மிச்சமாவது 24 நிமிடம். காற்றின் தடை கூடுவது 56 சதவீதம்! 140-ல் போனால்? மூன்று மடங்கு! அபராதச் சீட்டு தனி!

கூரையில் பெரிய இறக்கை ஒட்டினால் கார் காற்றைக் கிழித்துப் பறக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஃபார்முலா 1 காரின் காற்றுத்தடை எண், சாதாரண செடான் காரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! அந்த இறக்கை காரைத் தரையோடு அழுத்தத்தான். ஊருக்குள் 40-ல் போகிற காரில் அது துணி காயப்போடத்தான் உதவும்!

80-ல் வந்து, சுங்கச்சாவடியில் நின்று, மறுபடி 80-க்கு எழும்ப 1,200 கிலோ காருக்கு எவ்வளவு பெட்ரோல் கூடுதல் செலவு? சுமார் 33 மில்லி! 30 தடவை நின்று எழுந்தால் ஒரு லிட்டர் போச்சு! 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. நிற்காமல் போனால் மிச்சம் நேரம் மட்டுமில்லை, பெட்ரோலும்தான்!

நெல்லை சந்திப்பு ஈரடுக்கு மேம்பாலம் திறந்தது 1973-ல். ரயில் பாதைக்கு மேலே ஒரு சாலை, அதற்கு மேலே இன்னொரு சாலை! அந்தக் காலத்தில் இந்தியாவே வந்து வேடிக்கை பார்த்த பாலம்!

அதன் பக்கத்தில் நெரிசலில் மாட்டினால் மைலேஜ் எவ்வளவு? பூஜ்யம்! சும்மா நிற்கும் சின்ன பெட்ரோல் எஞ்சினே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஏசி ஓடினால் இன்னும் ஏறும். பெரிய வி8 எஞ்சினைக் கேட்கவே வேண்டாம்!

கடும் வெயிலில், குட்டிப் பயணத்தில், ஏசி மட்டுமே மைலேஜில் கால் பங்குக்கு மேல் தின்றுவிடலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. கடும் வெயில், குட்டிப் பயணம். அப்படியே நம்ம பாளையங்கோட்டை மே மாதம்!

அதே துறை சொல்லும் இன்னொரு கணக்கு. விருட்டென்று மிதித்து, சடக்கென்று பிரேக் போடுகிற பழக்கம் நெரிசலில் 10 முதல் 40 சதவீதம் மைலேஜைக் காலி செய்யும்! எந்தக் கார் வாங்கினால் மைலேஜ் கிடைக்கும் என்று கேட்பதற்குப் பதிலாக, யார் ஓட்டினால் கிடைக்கும் என்றுதான் கேட்க வேண்டும்!

சுமார் 45 கிலோ கூடுதல் சுமைக்கு மைலேஜ் 1 சதவீதம் குறையும். ஆகவே 45 கிலோ வரை அல்வா தாராளமாக ஏற்றலாம். 1 சதவீதம்தானே!

மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறினால் சுமார் 1,000 மீட்டர் உயரம். காரின் எடையை அவ்வளவு தூரம் மேலே தூக்குவதற்கு மட்டும் சுமார் ஒண்ணேகால் லிட்டர் பெட்ரோல்! உருட்டிக்கொண்டு போகிற செலவு தனி! வனத்துறை அனுமதி வேண்டும். தாழ்ந்த வயிறு கொண்ட ஸ்போர்ட்ஸ் காருக்குப் பாறைகளின் அனுமதியும் வேண்டும்!

இறங்கும்போது நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று சொல்லாத டிரைவர் நம்ம பக்கம் உண்டா? அந்தக் கணக்கு கார்புரேட்டரோடு போச்சு! இன்றைய காரில் கியரைப் போட்டுவிட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் இன்ஜெக்டர் சொட்டுக்கூட விடாது. சுத்தமாக பூஜ்யம்! நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் ஊற்றியே ஆக வேண்டும். செலவும் அதிகம், பிரேக்கும் கொதிக்கும்!

ஆகவே மலையிறக்கத்தில் எந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் மைலேஜ் முடிவிலி!

டர்போ எஞ்சினை முழுசாக மிதிக்கும்போது உள்ளே சூடு தாங்காது. அதைத் தணிக்க எதை ஊற்றுகிறார்கள் தெரியுமா? பெட்ரோலையே! எரிய வேண்டிய அளவுக்கு மேல் ஊற்றி, அது ஆவியாகும் குளிர்ச்சியில் எஞ்சினைக் காப்பாற்றுவது பழைய வழக்கம். விரட்டினால் மைலேஜ் பாதாளத்துக்குப் போவது இதனால்தான்!

ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி-யின் 1.5 லிட்டர் எஞ்சின், நாங்குநேரிப் பக்கம் ஒரே சீராகப் போகும்போது தன் நாலு சிலிண்டரில் இரண்டை அணைத்துவிடும்! காசு கொடுத்தது நாலுக்கு, ஓடுவது இரண்டு. சந்தோஷப்படுங்கள்!

பெட்ரோலோடு 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறதல்லவா? எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு! பழைய எரிபொருளுக்கென்றே வடிவமைத்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொல்லிவிட்டது. ஆனால் பந்தயக்காரர்களுக்கோ எத்தனால் என்றால் உயிர்! அமெரிக்காவின் இண்டிகார் பந்தயம் 2007-லேயே எத்தனாலுக்கு மாறிவிட்டது!

தமிழ்நாட்டிலேயே மைலேஜால் செத்த கார் ஒன்று உண்டு! ஸ்டாண்டர்டு 2000. சென்னை வண்டலூர்ப் பக்கம் தயாரானது. 1985-ல் வந்தது. உடல்? 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் பட்டம் வாங்கிய ரோவர் எஸ்டி1! அழகோ அழகு!

பிரிட்டனில் அந்த உடலுக்குள் 3.5 லிட்டர் வி8 எஞ்சின் உறுமியது. இங்கே பூட்டியது பழைய காலத்து 1,991 சிசி எஞ்சின். வேகமும் வரவில்லை, பெட்ரோல் செலவும் குறையவில்லை. பெட்ரோல் குடிக்கிறது என்று ஒரு தடவை பெயர் வாங்கினால் நம்ம ஊரில் மறுவாழ்வு ஏது? 1988-ல் கதை முடிந்தது. மூன்றே வருடம்!

அதே சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இன்று என்ன நடக்கிறது பாருங்கள். ஹூண்டாய் ஆலையும் அங்கே, 1990-ல் திறந்த கார் பந்தயத் தளமும் அங்கே! மைலேஜ் காரும் பந்தயக் காரும் அண்டை வீட்டுக்காரர்கள்!

லிட்டருக்கு 111 கி.மீ. கொடுத்த கார் உண்டு! மேலே தூக்கித் திறக்கும் கதவு, பறக்கும் தட்டு மாதிரி தோற்றம். ஃபோக்ஸ்வாகன் எக்ஸ்எல்1. எடை 795 கிலோ. டேங்க் 10 லிட்டர்தான். மொத்தம் செய்தது 250 கார்!

அது என்ன பிரமாதம்? சுவிட்சர்லாந்தின் இடிஹெச் ஜூரிக் மாணவர்கள் 2005-ல் ஓட்டிய பேக்-கார் 2, ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சமமான ஹைட்ரஜனில் 5,385 கி.மீ. கணக்குக் காட்டியது! ஸ்ரீநகரிலிருந்து நெல்லை வழியாகக் கன்னியாகுமரி வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே அதைவிட நீளம் குறைவுதான். அதை முழுக்க ஓடி முடித்தும் பாட்டிலில் மிச்சமிருக்கும்!

பெட்ரோலே போடாமல் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் நெல்லைச் சீமைக்காரர்! டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பிறந்தது திருக்குறுங்குடியில், 1877-ல். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அவர் கரியில் வாயு எடுத்து எஞ்சினுக்குக் கொடுக்கும் 'டிவிஎஸ் கேஸ் பிளான்ட்' செய்துவிட்டார்! வண்டியை அடுப்புக்கரி இழுத்தது!

அந்தக் குடும்பத்து நிறுவனம்தான் 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட்டை விட்டது. மைலேஜுக்கு மறுபெயர்! இரண்டே வருடத்தில், 1982-ல், அவர்களே பந்தய அணியும் தொடங்கினார்கள்! ஒரு கையில் சிக்கனம், மறு கையில் சீற்றம்!

நெல்லைச் சீமையின் பெரிய பெருந்தீனிக்காரன் யார்? பணகுடி பக்கம் மகேந்திரகிரியில் இருக்கிறான்! இஸ்ரோ வளாகத்தில் சோதிக்கும் விகாஸ் ராக்கெட் எஞ்சின் ஒவ்வொரு நொடியும் கால் டன்னுக்கு மேல் விழுங்கும்! உங்கள் காரின் 45 லிட்டர் டேங்க் அதற்கு ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் காணும். கண்ணை மூடித் திறப்பதற்குள் டேங்க் காலி!

2022 ஜனவரி 12 அன்று அங்கே சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினை நிறுத்தாமல் 720 வினாடி ஓடவிட்டார்கள். 12 நிமிடம்! வேரான் டேங்க் காலியாகும் அதே 12 நிமிடம்!

தாமிரபரணி கடலில் கலக்கும் தூத்துக்குடி மாவட்டத்தில் 2025 ஆகஸ்ட் 4 அன்று வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்தது. அங்கே தயாராகும் விஎஃப் 7 காரின் பேட்டரி 70.8 யூனிட். ஏட்டில் ஓடும் தூரம் 500 கி.மீ.க்கு மேல். 70.8 யூனிட்டில் இருக்கும் சக்தி எவ்வளவு பெட்ரோலுக்குச் சமம்? ஒரு கேன் அளவு, வெறும் 8 லிட்டர்!

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944 முதல் ஓடுகிறது. இன்றைய திறன் 32 மெகாவாட். முழுத் திறனில் ஒரு மணி நேரம் சுழன்றால் அப்படிப்பட்ட 450 கார்களின் பேட்டரிக்கு உண்டான மின்சாரம்! ஆற்றுத் தண்ணீரில் கார் ஓடும் என்று யாராவது சொன்னால் இனி சிரிக்காதீர்கள்!

கூடங்குளத்தில் ஒரே ஒரு 1,000 மெகாவாட் உலை முழுசாக ஒரு மணி நேரம் ஓடினால்? 14,000 கார்!